நிலத்துக்குள்ளே சுரங்கம், நிலத்துக்கு மேலே கணக்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கனிய வளம் பற்றிய செய்தி வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு வாதங்கள் மோதிக்கொள்கின்றன. "இது ஆய்வுதானே, ஒரு பிடி மண்கூட அள்ளவில்லையே" என்பது ஒன்று. "துளை போட்டாலே ஊர் போய்விடும்" என்பது மற்றது. திருக்கோவில் கரையிலும் வாகரைப் பக்கமும் இல்மனைற் (கறுப்புக் கனிய மணல்) அகழ்வுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்தை எண்ணாக மாற்றிக் கேள்வியாக வைத்தால்தான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மேற்பரப்பு எவ்வளவு கெடும் என்பதை முன்கூட்டியே அளந்து சொல்ல முடியும். அந்தக் கணக்கை உலகில் மிக நீண்ட காலம் போட்டுப் பார்த்த துறை நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம். ஊர்களுக்கும் ஆறுகளுக்கும் அடியில் தோண்டி, பிழைவிட்டு, ஆட்களைப் பறிகொடுத்துக் கற்ற பாடங்கள் அவை. கிழக்கில் நிலக்கரி இல்லை. அந்தக் கணக்கு மட்டும் நமக்கு வேண்டும்.

## இங்கே ஏன் நிலக்கரி இல்லை

சதுப்பு நிலத்துத் தாவரங்கள் சேற்றில் புதைந்து, மேலே மணலும் களியும் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தப்பட்டால் நிலக்கரி உண்டாகும். அதற்கு அடையற்பாறை தடிப்பாகப் படிந்த வடிநிலம் தேவை. இந்தியாவின் ஜாரியா, ராணிகஞ்ச் கரிப்படைகள் (நிலக்கரி அடுக்குகள்) அப்படிப்பட்டவை. மட்டக்களப்பும் அம்பாறையும் நிற்பது வேறு பாறையில். விஜயன் தொகுதி என்று புவிச்சரிதவியலாளர் சொல்லும் மிகப் பழைய உருமாறிய பாறை அது. தரையில் தாவரம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உருவானது. அதில் கரி இருக்க வழியில்லை. நுரைச்சோலை அனல் மின்நிலையம் எரிக்கும் நிலக்கரி முழுவதும் கப்பலில்தான் வருகிறது.

நெய்வேலியைப் பார்த்தவர்கள் நிலக்கரிச் சுரங்கம் என்றால் பெரிய பள்ளத்தை நினைப்பார்கள். நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. அங்கே மேல்மண்ணை முழுவதும் அகற்றித்தான் எடுக்கிறார்கள். இந்தக் கட்டுரை பேசும் நிலத்தடி முறையில் மேல்நிலம் அப்படியே இருக்க, கீழே குகைபோல வெட்டிக்கொண்டு போவார்கள். இலங்கையில் இதற்கு நெருங்கிய உதாரணம் போகல, கஹட்டகஹ காரீய (கிறபைற்) சுரங்கங்கள். ஆயிரம் அடிக்கும் ஆழமாக இறங்கும் அவற்றுக்கு மேலே ரப்பர்த் தோட்டமும் வீடும் இருக்கின்றன.

## ஆய்வு, அகழ்வு: சட்டத்தில் எங்கே பிரிகின்றன

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி கனியவளம் குடியரசுக்கு உரியது. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம்தான் அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. ஆய்வு அனுமதிப்பத்திரம் தேடிப் பார்க்க மட்டுமே. எடுத்து விற்பதற்கு வேறு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

சுற்றாடல் சட்டம் வேறு இடத்தில் கோடு போடுகிறது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கு உட்படும் திட்டங்களின் பட்டியல் 1993 ஜூனில் வர்த்தமானியில் வெளிவந்தது. 25 மீற்றருக்கு மேல் ஆழமான உள்நாட்டுச் சுரங்க அகழ்வும், மொத்தப் பரப்பு 10 ஹெக்டேயரைத் தாண்டும் மேற்பரப்பு அகழ்வும், கடலுக்குள் செய்யும் அகழ்வு எல்லாமும் அதில் உண்டு. மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். கவனிக்க வேண்டிய சொல் "அகழ்வு". துளையிட்டுப் பார்க்கும் கட்டத்தை அந்த வரிகள் பிடிப்பதில்லை. மேற்பரப்பின் தலைவிதியில் பெரும்பங்கு அந்தக் கட்டத்தில்தான் எழுதப்படுகிறது. பாதை எங்கே போகும், தண்ணீர் எங்கிருந்து வரும், பிறகு சுரங்க வாய் எங்கே திறக்கும் என்பதெல்லாம் ஆய்வுத் துளைகள் விழுந்த இடத்தைப் பார்த்து முடிவாகிறவை.

## எத்தனை துளை, எவ்வளவு நிலம்

10 கிலோமீற்றருக்கு 10 கிலோமீற்றர், அதாவது 100 சதுர கிலோமீற்றர் கொண்ட ஒரு சதுரத்தை எடுப்போம். கரிப்படை எவ்வளவு தடிப்பு, எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்று அறியக் கட்டம் போட்டுத் துளையிடுவார்கள்.

1. துளைகளுக்கு இடையே 5 கிலோமீற்றர் விட்டால் 9 துளை போதும்.
2. 2.5 கிலோமீற்றர் என்றால் 25.
3. 1.25 கிலோமீற்றர் என்றால் 81.
4. 625 மீற்றர் என்றால் 289.

இடைவெளியைப் பாதியாக்கும்போது துளைகள் ஏறக்குறைய நான்கு மடங்கை நோக்கிப் போகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் பழைய துளைகள் புதிய கட்டத்தின் மூலைகளிலேயே விழுவதால் அவற்றை மறுபடி போடத் தேவையில்லை. நல்ல திட்டம் இந்த ஒழுங்கில் நடக்கும். 9 துளையில் கரி இல்லை என்று தெரிந்தால் மற்ற 280 துளையும் அந்த நிலத்தில் விழாது. எடுத்த எடுப்பிலேயே நெருக்கமான கட்டத்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனம் வேண்டாத துளைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறது.

ஒரு துளைக்கு எவ்வளவு இடம் போகும்? துளையிடும் பொறி, குழாய் அடுக்கு, சேற்றுத் தாங்கி, பவுசர் நிற்க இடம் எல்லாம் சேர்த்து 30 மீற்றருக்கு 30 மீற்றர் என்று வைப்போம். அது 900 சதுர மீற்றர். 81 துளைக்கு 7.3 ஹெக்டேயர், அதாவது 18 ஏக்கர்.

பாதையைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு துளைக்கும் 4 மீற்றர் அகலத்தில் 500 மீற்றர் புதுப்பாதை வெட்டினால் அதுமட்டும் 2,000 சதுர மீற்றர். 81 துளைக்கு 16.2 ஹெக்டேயர், 40 ஏக்கர். துளைத்தளத்தைவிட இருமடங்குக்கு மேல். பாதையும் தளமும் சேர்ந்து 58 ஏக்கர்.

100 சதுர கிலோமீற்றரில் இது கால் வீதம்கூட இல்லை. அறிக்கையில் அப்படித்தான் எழுதுவார்கள், எழுதியது பொய்யும் இல்லை. ஆனால் பாதை கோடாகப் போகிறது. வட்டைக்குத் தண்ணீர் இறங்கும் தாழ்வைக் குறுக்கே வெட்டி, போக்கு வைக்காமல் கிறவல் போட்டு உயர்த்தினால், மாரியில் ஒரு பக்கம் வெள்ளம் நிற்கும், மறுபக்கம் வேளாண்மை காயும். கனரக வண்டி பத்து முறை போன மண் இறுகிவிடும். உழுதாலும் இரண்டு மூன்று போகத்துக்குப் பழைய நிலைக்கு வராது. ஆகவே பரப்பைக் கேட்பதற்கு முன் பாதையின் வரைபடத்தைக் கேட்க வேண்டும்.

இதைக் குறைக்கத் துறையில் புழங்கும் வழிகள் இவை:

1. வானிலிருந்து அளத்தல். விமானத்தில் காந்தமானி கட்டிப் பறந்தால், கரிப்படையை அறுத்து மேலே ஏறிய எரிமலைப் பாறைச் சுவர்கள் பெரும்பாலும் தெரியும். கரி தெரியாது. ஆனால் கரி கெட்டுப்போன இடம் தெரிந்தால் அங்கே துளை வேண்டாம்.
2. அதிர்வலை அளவை. நிலத்தில் அதிர்வு கொடுத்து, கீழிருந்து திரும்பும் எதிரொலியைப் பதிவது. கம்பியில்லாக் கருவிகளைத் தோளில் சுமந்து போய் வைக்கலாம். கத்தியால் வெட்டிய ஒற்றையடிப் பாதை போதும். பெக்கோ இறக்கத் தேவையில்லை.
3. ஒரே தளத்திலிருந்து பல துளை. துளையை வழியிலேயே வளைத்துத் திருப்பும் நுட்பம் உண்டு. ஒரு தளத்தில் நின்றே மூன்று நான்கு பக்கம் போகலாம். செலவு கூடும், பாதை குறையும்.
4. கீழிருந்தே தேடுதல். சுரங்கம் திறந்த பிறகு, கரிப்படைக்குள்ளேயே கிடையாக ஒரு கிலோமீற்றருக்கும் மேல் துளையிட முடியும். மேற்பரப்புக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை.

## ஒரு துளைக்குள் நடப்பது

கரியில் பொதுவாகப் பயன்படும் ஒரு அளவில் துளையின் விட்டம் 96 மில்லிமீற்றர். உள்ளிருந்து வரும் பாறை உருளையின் விட்டம் 63.5 மில்லிமீற்றர், ஏறக்குறைய தேநீர்க் கிளாஸ் பருமன். வைரத்துணுக்குப் பதித்த வளையம் சுற்றிச்சுற்றி அறுக்க, உருளை நடுக்குழாய்க்குள் ஏறுகிறது. வெட்டுமுனையைக் குளிரவைக்கவும் தூளை மேலே கொண்டுவரவும் தண்ணீரோ துளைச்சேறோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

கரி மெதுமையானது, நொறுங்கும். வெறும் குழாயில் ஏற்றினால் பாதி கழுவுப்பட்டுப் போய்விடும். பிறகு "படை 3 மீற்றரா, 2 மீற்றரா" என்று தெரியாமல் பக்கத்திலேயே இன்னொரு துளை போட வேண்டிவரும். அதனால் உள்ளே பிளந்து திறக்கக்கூடிய மூன்றாவது மெல்லிய குழாய் வைப்பார்கள். அது மேலே வந்ததும் நீளவாக்கில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஈரமான கறுப்பு உருளையில் மினுங்கும் பட்டையும் மங்கிய பட்டையும் மாறிமாறித் தெரியும். காதை வைத்தால் வாயு கசியும் மெல்லிய சீறல் கேட்கும். தீப்பற்றும் அந்த மெதேன் வாயு போய்விடுமுன் நிமிடக் கணக்கில் அளந்து, படம் எடுத்து, காற்றுப்புகாத உலோகப் பேணியில் அடைக்க வேண்டும். தாமதித்தால் வாயு அளவு குறைவாகப் பதிவாகும். பிறகு கீழே வேலை செய்பவர்களின் உயிரோடு அந்தப் பிழை விளையாடும்.

எல்லா ஆழத்திலும் உருளை எடுப்பது வீண்செலவு. கரிக்கு மேலே உள்ள பாறையைச் சாதாரணமாகத் துளைத்து, படைக்கு அருகில் வந்ததும் உருளைக்கு மாறுவார்கள். மீதியை அளவிக் கருவி சொல்லும். கம்பியில் இறக்கும் அந்தக் கருவி பாறையின் அடர்த்தியையும் இயற்கைக் கதிர்வீச்சையும் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராகப் பதியும். கரியின் அடர்த்தி 1.3 முதல் 1.5 வரை, மணற்கல் 2.3க்கு மேல், வரைகோட்டில் கரி பள்ளமாகத் தெரியும். அடர்த்தி அளக்கும் கருவிக்குள் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். துளை இடிந்து கருவி உள்ளே சிக்கிக்கொண்டால் அதை மீட்பது பெரும்பாடு; மீட்க முடியாவிட்டால் சீமெந்து போட்டு நிரந்தரமாக மூடி, அந்த இடத்தை அடையாளமிட வேண்டும்.

மேலே கவனிக்க வேண்டியது சேறு. தரையில் குழி வெட்டிச் சேற்றை விடுவது மலிவு. மழை பெய்தால் நிரம்பி வழியும். மாடு இறங்கிப் புதையும். இரும்புத் தாங்கியில் சுற்றவைத்து, முடிந்ததும் பவுசரில் ஏற்றிப்போவது சுத்தமான வழி. நாளுக்கு ஆயிரக்கணக்கான லீற்றர் தண்ணீர் போகும் வேலை இது. வெடிப்புள்ள பாறை வந்தால் உள்ளே விட்ட தண்ணீர் திரும்பி வராது, இன்னும் இன்னும் கேட்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை வறண்டு கிடக்கும் கிழக்கில் அந்தத் தண்ணீரை எந்தக் குளத்தில், யாருடைய பங்கிலிருந்து எடுப்பது என்பது துளைக்கு முன்னரே எழுத்தில் வர வேண்டும்.

## துளையை மூடுவது: 53 மூட்டைக் கணக்கு

இந்த விடயத்தில்தான் அதிகம் ஏமாற்றப்படுகிறோம். துளை முடிந்ததும் மேலே இரண்டு மூட்டைச் சீமெந்து கொட்டி, மண் போட்டு, புல் முளைக்க விட்டால் படத்தில் "சீர்செய்யப்பட்ட நிலம்" போலவே தெரியும். கீழே 300 மீற்றர் நீளக் குழாய் திறந்தே கிடக்கும்.

திறந்த துளை மூன்று வகையில் கேடு செய்யும். மேலே உள்ள நல்ல தண்ணீர்ப் படையையும் கீழே உள்ள உவர்த் தண்ணீர்ப் படையையும் இணைத்துவிடும். வாயுவுக்கு வழிவிடும். பின்னாளில் சுரங்கம் அந்த இடத்தைத் தொட்டால் தண்ணீர் உள்ளே பாயும்.

கணக்கு எளிது. 96 மில்லிமீற்றர் விட்டம், 300 மீற்றர் ஆழம் என்றால் துளையின் கொள்ளளவு 2.17 கனமீற்றர். சீமெந்தின் நிறையில் பாதி தண்ணீர் சேர்த்த கூழ் ஒரு கனமீற்றருக்கு ஏறக்குறைய 1,220 கிலோ சீமெந்து பிடிக்கும். மொத்தம் 2,650 கிலோ. 50 கிலோ மூட்டையில் 53. வெடிப்புக்குள் போவது தனி. ஆகவே 300 மீற்றர்த் துளைக்கு 53 மூட்டைக்குக் குறைவான பற்றுச்சீட்டு இருந்தால், அது முழுவதும் சீமெந்தால் நிரப்பப்படவில்லை.

மூட்டை சரியாக இருந்தாலும் மேலிருந்து ஊற்றக் கூடாது. தண்ணீர் நிறைந்த துளையில் விழும் கூழ் பிரிந்து கரைந்துபோகும், அல்லது பாதி வழியில் அடைத்து, அடியில் வெற்றிடம் விடும். குழாயை அடிவரை இறக்கி, கூழை அழுத்தி, நிரம்ப நிரம்பக் குழாயை மேலே இழுக்க வேண்டும். வாய்க்கு வெளியே நல்ல கூழ் வழியும்வரை நிறுத்தக் கூடாது. கடைசியில் துளையின் சரியான ஆள்கூறுகளை அளந்து பதிய வேண்டும்.

இடம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள பெனியூர் ஏரி போதும். 1980 நவம்பர் 20ஆம் திகதி, எண்ணெய் தேடி ஏரியின் நடுவே இறக்கிய துளை, கீழே இருந்த உப்புச் சுரங்கத்துக்குள் குத்திவிட்டது. துளை ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான விட்டம்தான். ஏரித் தண்ணீர் உப்பைக் கரைத்து வாயைப் பெருப்பித்தது. சில மணி நேரத்தில் ஏரியே சுழன்று இறங்கியது. துளையிட்ட மேடையும் 11 பாரப்படகுகளும் உள்ளே போயின. கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த கால்வாய் திரும்பி, கடல் ஏரிக்குள் பாய்ந்தது. சுரங்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் உயிரோடு வெளியேறினார்கள். வாவிக்கரையில் வாழும் நமக்கு இந்த நிகழ்வை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

## சுரங்கத்துக்கு வாய் ஏன் ஒன்றாக இருக்க முடியாது

மேற்பரப்பைக் காக்க ஒரே வாய் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1862 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து, இருந்த ஒரே வாய்க்குள் விழுந்து அடைத்தது. 204 ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள், பெரும்பாலோர் உள்ளே மூச்சுமுட்டி. அதே ஆண்டில் இரண்டாவது வாயைச் சட்டம் கட்டாயமாக்கியது. காற்று உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. ஆட்களுக்கும் இரண்டு வழி. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

தெரிவு இருப்பது வாயின் வகையில். நேரே கீழிறங்கும் குத்துச்சுரங்கம் மேலே சிறிய இடமே பிடிக்கும். சாய்வுச்சுரங்கத்தில் சுமக்கும் பட்டி (கன்வேயர்) ஓட்டிக் கரியை இடைவிடாமல் ஏற்றலாம். ஆனால் நான்குக்கு ஒன்று சரிவில் 200 மீற்றர் ஆழம் போக 825 மீற்றர் நீளம் வெட்ட வேண்டும். வாயை ஊரிலிருந்து தள்ளி வைத்து, கீழே மட்டும் ஊருக்கு அடியில் வருவதற்கு இந்த நீளமே வாய்ப்பாகவும் அமையும்.

வெட்டிய கல் எங்கே போகும்? 6 மீற்றர் விட்டத்தில் 300 மீற்றர் ஆழக் குத்துச்சுரங்கம் ஒன்றுக்கு 8,480 கனமீற்றர் பாறை. உடைத்த கல் ஒன்றரை மடங்கு பொங்கும், 12,700 கனமீற்றர். நம் கணக்கில் ஏறக்குறைய 4,490 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் 1,500 நடை, அதுவும் வாய் திறக்க மட்டும்.

## தூணும் தாழ்வும்

கரியை எடுத்த பிறகு கூரையை யார் தாங்குவது? இதற்குப் பதிலாக இரண்டு முறைகள் வளர்ந்தன.

அறையும் தூணும். குறுக்கும் நெடுக்கும் வழி வெட்டி, நடுவே கரியையே தூணாக விடுவது. 20 மீற்றர்ச் சதுரத் தூண், 5 மீற்றர் வழி என்றால் எடுக்கக்கூடியது 36 வீதம். 64 வீதம் கீழேயே நிற்கும்.

அந்தத் தூண் தாங்குமா? ஒவ்வொரு மீற்றர்ப் பாறையும் ஏறக்குறைய 0.025 மெகாபஸ்கால் (அழுத்தத்தின் அலகு) சுமை தரும். 200 மீற்றர் ஆழத்தில் 5 மெகாபஸ்கால். வெட்டிய வழிகளின் பாரமும் தூணில் ஏறுவதால் தூணுக்கு 7.8. தென்னாபிரிக்காவில் சலமன், மன்றோ இருவரும் 1967இல் வெளியிட்ட சூத்திரப்படி, 20 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் உள்ள தூணின் பலம் 13.8. பலத்தைச் சுமையால் வகுத்தால் 1.77. பொதுவாகக் கேட்கும் 1.6ஐ அது தாண்டுகிறது. அதே தூணை 300 மீற்றர் ஆழத்தில் வைத்தால் சுமை 11.7, விடை 1.18. ஊருக்கு அடியில் அந்தத் தூணை நம்ப முடியாது. ஆகவே "தூண் விடுவோம்" என்ற உறுதிமொழிக்கு ஆழமும் உயரமும் சொல்லாதவரை பொருளில்லை.

அந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் தென்னாபிரிக்காவின் கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. 1960 ஜனவரி 21ஆம் திகதி அந்தச் சுரங்கத்தில் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கி 430க்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். கூரையில் விட்டிருந்த கரியையும் எடுத்ததால் தூண்கள் உயர்ந்து பலம் குன்றியிருந்தன. அகலம் மாறாமல் உயரம் மட்டும் கூடினால் தூண் மெலிகிறது. மேலே நிற்பவருக்கு அது தெரிவதில்லை.

நீள்சுவர் முறை. இரும்புத் தாங்கிகளின் நிழலில் நின்று படை முழுவதையும் சீவி எடுத்து, முன்னேறும்போது பின்னால் கூரையை விழவிடுவது. கரி வீணாகாது. நிலம் தாழும், அது திட்டமிட்ட தாழ்வு. 3 மீற்றர் படையை எடுத்தால், மேலே இறங்குவது அதில் ஏறக்குறைய 60 வீதம் என்று அவுஸ்திரேலிய அனுபவம் காட்டுகிறது, 1.8 மீற்றர். இங்கிலாந்தில் 90 வீதம்வரை இறங்கியிருக்கிறது. எல்லையும் வெட்டிய விளிம்போடு நிற்காது: 300 மீற்றர் ஆழத்தில், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கணக்கில் விளிம்புக்கு வெளியே 150 மீற்றர் வரையும், பிரித்தானியக் கணக்கில் 210 மீற்றர் வரையும் நிலம் அசையும்.

மலைக்காட்டில் 1.8 மீற்றர் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அதையே அம்பாறையின் சமதரை வயலில் கற்பனை செய்து பாருங்கள். கிலோமீற்றருக்கு ஓர் அடி சரிவில் தண்ணீர் ஓடும் வாய்க்காலில், ஆறடிப் பள்ளம் ஒன்று நடுவே விழுந்தால் கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் போகாது, பள்ளம் குளமாகும். நிலத்தின் சாய்வு கெடுவதுதான் வயல்நாட்டில் முதல் சேதம். சுவர் வெடிப்பு அதற்குப் பிறகு.

தாழ்வைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு:

1. வெட்டும் பட்டையைக் குறுக்குதல். அகலம் ஆழத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் மேற்பாறை பாலம்போல் நின்று, தாழ்வு மிகக் குறையும். 300 மீற்றர் ஆழத்தில் 100 மீற்றருக்குள்.
2. ஊர், குளம், கோயிலுக்கு அடியில் வெட்டாமல் விடுதல். விடும் கரியின் எல்லையைக் கட்டடத்தின் சுவரில் தொடங்கக் கூடாது. மேலே சொன்ன 150, 210 மீற்றரைச் சேர்த்து வரைய வேண்டும்.
3. வெற்றிடத்தை நிரப்புதல். இந்தியாவில் தாமோதர் ஆற்று மணலைத் தண்ணீரோடு குழாயில் இறக்கி நிரப்பினார்கள். நிலம் தப்பியது, ஆற்றின் மணல் போனது. எங்கிருந்து மண் வரும் என்று சொல்லாத நிரப்பல் திட்டம் பாதிப்பை ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான்.

## நம் கரைக்கு இதில் எது பொருந்தும்

இல்மனைற் கரையோர மணலில் இருக்கிறது. அடர்த்தி 4.5க்கு மேல், சாதாரண மணல் 2.65. அலை இலேசானதை அடித்துப்போக, கனமானது கறுப்புப் பட்டையாகத் தங்குகிறது. சில மீற்றர் ஆழத்துக்குக் கைத்துளைக் கருவியால் ஆராயலாம். எடுக்கும்போது நிலத்தடி என்ற பேச்சுக்கே இடமில்லை. மணலில் தூண் நிற்காது. மேற்பரப்பே சுரங்கம்.

நம் கரையில் தாழ்வுக் கணக்கின் இடத்தைக் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. மணலுக்குள் நன்னீர், உப்புத்தண்ணீர்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் தாங்கும். கரையோரங்களில் அந்த 1 மீற்றரே அரிது. மேட்டு மணலை வாரியோ, குழியில் தண்ணீர் இறைத்தோ அந்த மட்டத்தை 25 சென்ரிமீற்றர் இறக்கினால், அடியில் 10 மீற்றர் நன்னீரை இழக்க நேரும். உப்பு மேலே ஏறுவது மெதுவாகத்தான். தெரியவரும்போது நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்திருக்கலாம்.

கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அந்த எல்லைக்குள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். ஆய்வு பற்றிய கூட்டத்தில் சுரங்கப் பணியகத்தின் கடிதத்தை மட்டும் காட்டினால் அடுத்த கடிதத்தைக் கேளுங்கள்.

## பிரதேச செயலகக் கூட்டத்தில் கேட்க

1. கையில் இருப்பது ஆய்வு அனுமதிப்பத்திரமா, அகழ்வு அனுமதிப்பத்திரமா? இலக்கம், எல்லை, காலாவதித் திகதி.
2. துளைகள் எத்தனை கட்டமாக? முதல் கட்டத்தில் என்ன கண்டால் இரண்டாவதை நிறுத்துவீர்கள்?
3. புதுப்பாதை எத்தனை மீற்றர்? நீரோட்டத்தைக் குறுக்கிடும் இடங்களில் போக்கு எத்தனை?
4. தண்ணீர் எங்கிருந்து, நாளுக்கு எத்தனை லீற்றர், வட்டவிதானையோடு (வயல் நீர்ப்பங்கீட்டைப் பார்ப்பவர்) பேசியாயிற்றா?
5. ஒவ்வொரு துளையின் ஆழம், விட்டம், மூடிய முறை, சீமெந்து மூட்டைக் கணக்கு.
6. பழைய துளை, பழைய அகழ்வுக் குழிகளின் வரைபடம். 2002இல் பென்சில்வேனியாவின் கியூகிறீக் சுரங்கத்தில் பழைய சுரங்கத்தின் கடைசி வரைபடம் கையில் இல்லாததால், அதில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து ஒன்பது பேரை மூன்று நாட்களுக்கு மேல் அடைத்துவைத்தது.
7. நிலத்தைச் சீர்செய்யப் பிணைப்பணம் எவ்வளவு, யார் பார்த்த பிறகு அது விடுவிக்கப்படும்?

எட்டாவதை ஊரே செய்யலாம். முதல் பொறி இறங்குமுன் சுற்றியுள்ள கிணறுகளில் இருபது முப்பதைத் தெரிந்தெடுத்து, கிணற்றுக்கட்டில் ஒரே இடத்தில் பெயின்றால் கோடு போட்டு, அங்கிருந்து தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதுங்கள். கூடவே தண்ணீரின் மின்கடத்துதிறனையும் பதியுங்கள். உப்பு ஏறினால் முதலில் அந்த எண்தான் ஏறும், நாக்குக்குப் பிறகுதான் தெரியும். ஆண்டில் இரண்டு முறை கட்டாயம்: கோடை முற்றிய ஆவணி, புரட்டாதியில் ஒன்று, மாரி ஓய்ந்த தை, மாசியில் ஒன்று. காலையில், யாரும் தண்ணீர் அள்ளுவதற்கு முன். பம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்த எண் செல்லாது. ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடம் திகதியிட்டு ஒப்படைத்து, கையொப்பம் வாங்கிவையுங்கள்.